‘அப்புறங்க’ சாரும் கால் குமாஸ்தாவும்

ஊமையைத் தவிர யாரை வேண்டுமானாலும் மூன்று மணி நேரம் பேசவைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரை எனக்கு எதிர் நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தது என் ஜாதகம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அது யாருக்கும் தேவைப்படவில்லை. சேலத்தில் எங்கள் சுகாதார ஆபீஸ் தொடங்கி நாமக்கல் பக்கத்துக் குக்கிராமங்கள் வரை அவர் ‘அப்புறங்க’ சார்தான். நீங்கள் ஏதாவது ஒன்றைச் சொல்லி நிறுத்தினால், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை அகல விரித்து, "அப்புறங்க?" என்பார். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக உங்கள் பேச்சை யாருமே ஒழுங்காகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உங்களுக்கு உறைக்கும். மளமளவென்று கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் ராசிபுரம் பஸ்ஸில் போனோம். டிரைவருக்குப் பின்னால் இடம். டிரைவர் சும்மா இருக்காமல், "நேத்துப் பாருங்க, எம் மச்சான் ஊட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். இவர் "அப்புறங்க?" என்றார். நாங்கள் இறங்க வேண்டிய ஊர் வந்தது, போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கத்தினார்கள். மச்சானின் பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தியதா என்று தெரியும்வரை அந்த பஸ் நிற்கவில்லை. இரண்டு மைல் வெயிலில் திரும்பி நடந்தோம். நடக்கும்போதும் இவருக்கு அந்த ஜாதகம் பற்றியே கவலை.

இன்னொரு நாள், வேலையில் சுணக்கம் என்று இவரைக் கண்டிப்பதற்காகவே எங்கள் மானேஜர் எழுந்து வந்தார். வரும்போது கையில் ஒரு காகிதம், முகத்தில் எள்ளும் கொள்ளும். "இந்தப் போக்கு எனக்குப் பிடிக்கலைங்க" என்று தொடங்கினார். "அப்புறங்க?" மானேஜர் கொஞ்சம் தடுமாறினார். "பிடிக்கலைன்னா, எனக்கு இந்த ஆபீஸே பிடிக்கலை" என்றார். "அப்புறங்க?" முக்கால் மணி நேரம் கழித்து மானேஜர் தன் மூத்த மருமகளைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். காகிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டார்.

எங்கள் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்திய காலம் அது. நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி அப்போது எங்கள் ஜில்லாவில் ஊருக்கு ஊர் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். படிக்கட்டு வைத்த கிணறுகளில் ஜனங்கள் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குடத்தை முக்குவார்கள். சிலந்தி உள்ளவன் காலை நனைத்தால் காலுக்குள் இருக்கும் புழு தண்ணீரில் குஞ்சு விடும். அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு ஒரு வருஷம் ஒன்றும் தெரியாது. அடுத்த கோடையில் கணுக்காலில் கொப்புளம் வரும். கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் மாதிரி முழ நீளப் புழு எட்டிப்பார்க்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரல் அளவு இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்துபோனால் கால் புடைத்து ஆளைப் படுக்கவைத்துவிடும்.

இதற்கு மருந்து, யாரும் இறங்காத கிணறு. கட்டைச் சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டு, மேலே நின்று கயிற்றால் சேந்துகிற கிணறு. ஊர் ஊராக அப்படிச் சேந்து கிணறு வெட்டி, வியாதி குறைகிறதா என்று வருஷா வருஷம் பார்ப்பது எங்கள் ஆபீஸின் வேலை. பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

நான் எண்ணுகிற ஆள். சைக்கிளில் போய் நிற்பேன். "காலைக் காட்டுங்க" என்பேன். காட்டுவார்கள். கோடு போடுவேன். அடுத்த வீடு. அறுபது வீட்டு ஊரை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன். என் பட்டியலில் ஒரு அடித்தல் இருக்காது. ஊர்க்காரர்கள் எனக்கு ‘கால் குமாஸ்தா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதே மதியத்துக்குள் ‘அப்புறங்க’ சார் ஒரு வீட்டை முடித்திருப்பார். அதுவும் முடிந்தது என்று சொல்ல முடியாது. எருமை எதற்காக முட்டியது என்பது பாக்கி இருக்கும். அவருடைய பாரத்தில் ‘வீட்டில் மொத்தம் எத்தனை பேர்’ என்ற கட்டத்தைப் பார்த்தால் இப்படி இருக்கும்: ‘ஏழு. எட்டாவது ஆள் கோபித்துக்கொண்டு பரமத்திக்குப் போயிருக்கிறார். வந்துவிடுவார் என்று நம்புகிறார்கள்.’

"நம்பறதை நான் எந்தக் கூட்டல்ல சேக்கறதுங்க?" என்று கேட்பேன்.

"சேக்காதீங்க. ஆனாக்க அந்தம்மா அழுதுச்சு. அத உட்டுப்போட முடியுங்களா?" என்பார்.

பாரத்தில் குறிப்பு எழுத ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். இவர் அதில் கடுகு கடுகாக எழுதி, பக்கவாட்டில் ஏறி, பின்பக்கம் போய், அதுவும் போதாமல் பழைய காகிதத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி எழுதுவார். அவருடைய காகிதக் கட்டை அலமாரியில் வைத்தால் எறும்பு வரும். என் பட்டியலை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவருடைய ஒட்டுக் காகிதத்தை நானும் படித்ததில்லை. இப்படியே இரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் ஒரு ஊர் குறுக்கே வந்தது. பெயர் வேண்டாம். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு ஊரில் நல்ல சேந்து கிணறு வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மற்ற ஊர்களிலெல்லாம் கால்கள் குறைந்தன. இங்கே மட்டும் ஒரு கால்கூடக் குறையவில்லை.

எங்கள் ஆபீஸுக்கே மேலதிகாரியான பெரிய டாக்டர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தப்பா எண்ணியிருக்கீர்" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பப் போய் எண்ணினேன். அதே எண்ணிக்கை. மூன்றாம் தடவையும் போனேன். "ஏனுங்க, போன வாரம் பாத்த காலுதானுங்க இது" என்று ஒரு கவுண்டர் காலை நீட்டவே மறுத்துவிட்டார். எண்ணிக்கை மாறவில்லை. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்ட வீட்டிலெல்லாம், "புதுக் கெணத்துத் தண்ணிதானுங்க" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப பொய் சொல்றாங்க" என்றார் பெரிய டாக்டர். "வண்டிப்பாதையில பழைய படிக்கிணறு ஒண்ணு இருக்கில்ல? அதை மண்ணைக் கொட்டி மூடிடலாம். அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்."

சரியான யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. ‘அப்புறங்க’ சார்தான் மெதுவாக எழுந்தார். "அய்யா, மூடறதுக்கு மின்னால ஒருக்கா கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் முழு வாக்கியம் பேசி டாக்டர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆச்சரியத்திலேயே சரி என்றுவிட்டார். "நாலு நாள். ரெண்டு பேரும் போங்க" என்று என்னையும் சேர்த்துவிட்டார்.

முதல் நாள் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் உட்கார்ந்தோம். நான் மூன்று தடவை போய் மூன்று தடவையும் "புதுக் கெணத்துத் தண்ணிதானுங்க" என்று பதில் வாங்கிய அதே வீடு. வீட்டுக்கார அம்மாள் மாட்டைப் பற்றி ஆரம்பித்தார். அப்புறங்க? மாட்டுக்குத் தவிடு. அப்புறங்க? சமையல். நான் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் சர்வ சாதாரணமாகச் சொன்னார்:

"புதுக் கெணத்துத் தண்ணி உப்புங்க. அதுல பருப்பு வேகறதில்லீங்க. காலைல அடுப்புல வெச்சா மத்தியானம் வரைக்கும் கல்லாட்டந்தான் கெடக்குது. மாட்டுக்கும் குளிக்கறதுக்கும் அது. சோத்துக்கும் குடிக்கறதுக்கும் வண்டிப்பாதைக் கெணத்துக்குத்தான் போறமுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஏனுங்கம்மா, எங்கிட்ட மூணு தடவை வேற மாதிரி சொன்னீங்களே?"

"நீங்க சைக்கிள உட்டே எறங்கலீங்களே சாமி. நெதானமாச் சொல்ல நேரமெங்க இருந்துச்சு? சர்க்காரு செலவு பண்ணி வெட்டுன கெணறு. நல்லால்லைன்னு சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு இருந்துட்டமுங்க."

‘அப்புறங்க’ சாருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒட்டுக் காகிதத்தில் ‘பருப்பு வேகவில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "முடிஞ்சுதுங்க. ஊருக்குப் போலாம்" என்றார்.

எனக்குள் ஏதோ உறுத்தியது. பட்டியலை விரித்தேன். வீடு வீடாக விரலை ஓட்டினேன்.

"முடியலீங்க" என்றேன். "இங்க பாருங்க. தெற்கால கூலிக்காரங்க தெரு. பாதிக்கு மேல காலுங்க அங்கதான் இருக்குது. அங்க எவன் ஊட்டுல பருப்பு வேகுது? களியும் கம்மங்கூழும்தான் தினமும். தீபாவளிக்கு ஒருநாள் பருப்பு. உங்க பருப்பு இந்தத் தெருவுல வேகாதுங்க."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தெருவாரியாக நான் பிரித்துப் போட்டிருந்ததைத் தடவிக்கூடப் பார்த்தார்.

"இத்தன நாளா இத எங்க வெச்சிருந்தீங்க?"

"உங்க மூக்குக்கு முன்னாடிதான். எதிர் மேஜையில."

அடுத்த நாள் தெற்குத் தெருவுக்குப் போனோம். அங்கேதான் முதல்முறையாக அவருடைய வித்தை செல்லுபடியாகவில்லை. "அப்புறங்க?" என்றால், "நல்லாருக்குதுங்க சாமி" என்றார்கள். இன்னொரு தடவை "அப்புறங்க?" என்றால், "ஆமாங்க சாமி" என்றார்கள். எழுந்து நின்றே பேசினார்கள். நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று பார்த்தார்கள். காலை முழுக்க இப்படியே போனது. இவருடைய முகம் சுண்டிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

உச்சி வெயிலில் பாவாயி என்ற பெண் களையெடுப்பிலிருந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கணுக்காலில் எருக்கிலை வைத்துக் கட்டியிருந்தாள். என் பட்டியலில் அவள் ஏற்கெனவே ஒரு கோடு. இவர் அவளைப் பார்த்து, "ஒரு சொம்புத் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

தெருவே அசையாமல் நின்றது.

"எங்க ஊட்டுத் தண்ணிங்களா சாமி?"

"ஆமாங்கம்மா. நா வறண்டுபோச்சு."

அவள் உள்ளே போய், ஒரு சொம்பைத் துலக்கி, துலக்கியதை மறுபடி துலக்கி, தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். காய்ச்சின தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் முதல் விதி. குறைந்தபட்சம் வேட்டித் துணியை மடித்து வடிகட்டியாவது குடிக்க வேண்டும். தோளில் துண்டு இருந்தது. நான் கண்ணைக் காட்டினேன். அவர் துண்டைத் தொடவில்லை. சொம்பை எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

பாவாயி மண்ணில் உட்கார்ந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"அந்தப் புதுக் கெணத்துல எங்க கவுத்த ஆருங்க எறக்க உடுவாங்க சாமி? ராட்டினத்த நாங்க தொடக் கூடாது. குடத்த வெச்சுப்போட்டு எட்டி நிக்கோணும். அவிங்க பாத்துச் சேந்தி ஊத்துனா உண்டு. களையெடுக்கப் போற நேரத்துல நின்னுக்கிட்டிருந்தா கூலி போச்சு. வண்டிப்பாதைக் கெணறு வழிப்போக்கருக்கு வெட்டுனது. அதுல எறங்குனா ஆரையும் கேக்க வேண்டியதில்லீங்க. காலுல சிலந்தி வந்தா வருதுங்க. கேக்காமக் குடிக்கலாமில்லீங்களா?"

அவர் அதை அங்கேயே எழுதவில்லை. ஊர் எல்லை தாண்டி, சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் பொறுத்திருந்தேன். பிறகு சண்டை பிடித்தேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமா? அந்தத் தண்ணியில என்ன இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்ற ஆளு நீங்க. துண்டுல வடிகட்டியிருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அந்தம்மா சொம்ப ரெண்டு தடவ துலக்குச்சு, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அதுக்கு மேல நானு துண்டப் போட்டு வடிகட்டியிருந்தா, அந்தம்மா என்னங்க சொல்லியிருக்கும்? ‘நல்லாருக்குதுங்க சாமி’. அதத்தான் எழுதிக்கிட்டு வந்திருப்போம்."

கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். அவரே சொன்னார்: "பயமாத்தானுங்க இருக்குது."

ரிப்போர்ட் எழுத இரண்டு நாள் பிடித்தது. எங்கள் ஆபீஸில் அதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை. இடது பக்கம் என் பட்டியல், வலது பக்கம் அவர் கேட்டு வந்த பேச்சு. இடது பக்கம் ‘இந்தத் தெருவில் இத்தனை கால்’ என்றால், அதற்கு நேரே வலது பக்கம் ‘ஏன்’. வரிக்கு வரி அடித்துக்கொண்டோம். அவர் ஒன்றைச் சொன்னால், "இத எத்தன பேரு சொன்னாங்க?" என்று நான் மறிப்பேன். நான் ஒரு கூட்டுத்தொகை போட்டால், "இந்த எண்ணிக்கைக்குள்ள பாவாயி எங்கிருக்குது?" என்று அவர் மறிப்பார். சில இடத்தில் அவர் திரும்பப் போய் இன்னும் ஆறு வீட்டில் கேட்டு வந்தார். சில இடத்தில் நான் கட்டங்களை வேறு விதமாகப் பிரித்துப் புதிதாகப் போட்டேன். எருமையையும் உள்ளே நுழைக்கப் பார்த்தார். அதை மட்டும் நான் விடவில்லை.

பெரிய டாக்டர் புரட்டிப் பார்த்தார். "இது ரிப்போர்ட்டா, புராணமா?"

அவர் படிக்க ஆரம்பித்தார். இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. பருப்பு வந்த இடத்தில் நிறுத்தினார். "எங்க ஊர்லயும் உப்புத் தண்ணிதான்" என்றார் பொதுவாக.

என் பக்கத்திலிருந்து மிக மெல்லிசாக வந்தது: "அப்புறங்க?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவருடைய அம்மா அரை மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தது, இடுப்பில் குடம் தழும்பு போட்டது எல்லாம் வந்தது. முடித்துவிட்டு, பாவாயி பேசியதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூடினா இவங்க எங்க போவாங்க?" என்று எங்களையே கேட்டார். யோசனை சொன்னவரே அவர்தான் என்பதை நாங்கள் ஞாபகப்படுத்தவில்லை.

மண் கொட்ட இருந்த ஆட்களே, கோடை முற்றுவதற்குள், வண்டிப்பாதைக் கிணற்றின் படிக்கட்டை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். நல்ல தண்ணீர்க் கிணறே சேந்து கிணறாயிற்று. ராட்டினம் நாலு பக்கமும் நாலு போட வேண்டும் என்று ‘அப்புறங்க’ சார் அடம்பிடித்தார். ஒன்று போதாதா என்று மானேஜர் கேட்டார். "ஒண்ணுன்னா ஒருத்தரு நில்லுன்னு சொல்லுவாருங்க" என்றார். நாலும் வந்தன. நடு ஊர்க் கிணற்றில் மட்டும் பாவாயியின் கயிறு அப்போதும் இறங்கவில்லை. அதை மாற்றுகிற அளவுக்கு எங்கள் ரிப்போர்ட்டுக்குச் சக்தி இல்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மறு கோடையில் ஒரு காலை, ‘அப்புறங்க’ சார் செருப்பில்லாமல் நொண்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்தார். கணுக்காலில் கொப்புளம்.

என்னிடம் காட்டிய எத்தனையோ கால்களைப் பார்த்தவன் நான். அந்தக் காலை மட்டும் குனிந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனி அறை. என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். தினமும் காலையில் ஈர்க்குச்சியில் நான்தான் சுற்றுவேன். ஒரு விரல் அளவு, அதற்கு மேல் இல்லை. காய்ச்சலும் வலியுமாக அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார். பேச்சில் கவனம் போகட்டும் என்று நான் அவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவரைப் பற்றி எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஜில்லா முழுவதும் பேசவைத்தவரிடம், உங்கள் கதை என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. ஆறு அக்காமார். இவர் கடைசி. "சாப்புட உக்காந்தா ஆறு பேரும் பேசுவாங்க. எம்முற வாரதுக்குள்ள எல காலியாப் போயிரும். சரி, கேக்கறதுக்காச்சும் ஒருத்தன் வேணுமில்லீங்களா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் கால் ஆடி, நான் சுற்றிய ஒரு விரல் அளவும் உள்ளே போய்விட்டது. அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஒன்றரை மாதம் ஆயிற்று புழு முழுசாக வெளியே வர. அதற்கு நடுவில் அந்த ஊரின் வருஷக் கணக்கெடுப்பு வந்தது. நான் தனியாகப் போனேன். சைக்கிளை விட்டு இறங்கினேன். வீடு வீடாக உட்கார்ந்தேன். எனக்கு அந்த வித்தை வராது. ஆனாலும் உட்கார்ந்தேன். மோரெல்லாம் கொடுத்தார்கள். ஊர் முழுக்க ஐந்தே ஐந்து கால்கள்தான் இருந்தன. ஐந்தும் போன கோடைத் தொடக்கத்தில், சுவர் எழும்புவதற்கு முன்னால் குடித்த தண்ணீரால் வந்தவை.

தெற்குத் தெருவில் பாவாயி என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள். "அந்தச் சாமி வரலீங்களா?"

"காலுல கொஞ்சம் சுகமில்லைங்க" என்றேன்.

எந்த மாதிரி என்று அவள் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நான் கிளம்பும்போது ஓடி வந்து, ஒரு கட்டு எருக்கிலையைச் சைக்கிளில் கட்டிவிட்டாள்.

சேலம் திரும்பிப் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். எந்த ஊர்த் தண்ணீரால் வந்ததோ அந்த ஊர்க் கணக்கில்தான் காலைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஐந்து என்று எழுதிப் பேனாவை மூடினேன். உள்ளறையில் அவர் என் சம்சாரத்தைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவைத் திறந்து, ஐந்தை ஆறாகத் திருத்தினேன். என் பட்டியல்களில் அடித்துத் திருத்தியது அது ஒன்றுதான். எழுத மனமில்லாமல் எழுதியதும் அதுதான்.